கவந்த் போர்வை: துணி ஊர்க்காரர்களுக்கான மதிப்புரை

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டோர ஊர்களில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் பழந்துணியைக் கொண்டு கையாலேயே தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் கவந்த் என்று பெயர். இணையத்தில் தேடினால் கவாண்டி என்றும் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல கவந்த் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கலாம். ஆனால் நல்லதையும் நகலையும் பிரித்தறிய, துணியிலேயே பிழைக்கிற நமக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். திருப்பூர், கரூர்ப் பக்கம் துணியைக் கையில் எடுத்தால் கேள்விகள் வரிசையாக வரும்: ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, எத்தனை சதவீதம் சுருங்கும், சாயம் நிற்குமா, தையல் நேராக ஓடியிருக்கிறதா. இந்தக் கேள்விகள் கவந்துக்கும் வேண்டும். ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொண்டால், வரி கோணலாக இருக்கிறது என்று அசலைத் தள்ளிவிட்டு மெஷின் நகலை வாங்கி வந்துவிடுவோம்.

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட போர்வை 7 அடி நீளம், 5 அடி அகலம், எடை 1.3 கிலோ. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். உள்ளே பஞ்சும் இல்லை, பாலியஸ்டர் வாடிங்கும் இல்லை. அடியில் பழைய பருத்திச் சேலை, அதன்மேல் ஒட்டுகள், ஒட்டுகளுக்கு அடியில் இன்னும் பழைய ஒட்டுகள். துணிமேல் துணி வைத்தே கனம் வந்திருக்கிறது. கரூரிலிருந்து வெளிநாடு போகிற பேட்ச்வொர்க் குவில்ட் உப்பலாக, கைக்கு லேசாக இருக்கும். கவந்த் தட்டையாக, உடம்போடு படிந்து கிடக்கும். மார்கழிக் குளிருக்கு ஒருவருக்குத் தாராளம். சித்திரை மாதத்தில் விரிப்பாகப் போட்டால் முதுகில் வேர்வை தங்காது.

விலையை எப்படிப் பார்ப்பது? பீஸ் ரேட் தெரிந்த ஊருக்கு அந்தக் கணக்கிலேயே சொல்கிறோம். 84 அங்குலத்துக்கு 60 அங்குலம் என்றால் 5,040 சதுர அங்குலம். தையல் வரிகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளி. ஆகவே மொத்தத் தையல் ஓட்டம் 10,080 அங்குலம், அதாவது சுமார் 256 மீட்டர். அங்குலத்துக்கு மூன்று தையல் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் முப்பதாயிரத்துக்கு மேல். பழகிய கை நிமிடத்துக்குப் பன்னிரண்டு தையல் போட்டாலும் 42 மணி நேரம் ஆகும். சமையல், விறகு, வயல் வேலை எல்லாம் போக நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் பத்து நாளுக்கு மேல். இரட்டை நூலாக ஓட்டினால் நூல் மட்டும் 600 மீட்டர் அளவு செலவாகும். துணிக்கு விலையே போடாமல், இந்த 42 மணி நேரத்துக்கு உங்கள் ஊர்த் தையல் கூலியைப் பெருக்கிப் பாருங்கள். சொல்லப்படும் விலை அதற்குக் கீழே இருந்தால் இரண்டில் ஒன்றுதான்: தைத்த பெண்ணுக்குக் கூலி போய்ச் சேரவில்லை, அல்லது அது கையால் தைத்ததே இல்லை.

இந்தப் போர்வையைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் துணிக்காரர் அல்ல, யோருபா கலையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர்: ஹென்றி ஜான் ட்ரூவல். யோருபா மக்கள் தென்மேற்கு நைஜீரியாவிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டிலும் வாழ்கிறவர்கள். ட்ரூவல் 1964-ல் அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ அமைப்பின் தொண்டராக நைஜீரியா போய்ப் பள்ளியில் பாடம் நடத்தினார். அந்தக் காலத்திலேயே சனுசி என்ற யோருபா மரச் சிற்பியிடம் தொழில் பழகினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1973-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு, 1978-ல், இலாரோ ஊர்ச் சிற்பி ஓகுண்டிப்பேயிடம் மறுபடியும் சீடராகப் போய் உட்கார்ந்தார். பட்டம் வாங்கி ஐந்து வருஷம் ஆன பேராசிரியர் வாச்சியைப் பிடித்து மரம் செதுக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய ஆய்வு வாழ்க்கைக்கே இதுதான் அடித்தளம் என்பது எங்கள் எண்ணம்.

யோருபாச் சிற்பிகள் வேலையை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஓனா லிலே என்பது மரத்துண்டில் உருவத்தை மொத்தமாக வெட்டிப் பிடிப்பது. அலேதுன்லே என்பது பெரிய வடிவங்களைச் சிறிய வடிவங்களாகப் பிரிப்பது. தீதான் என்பது கத்தியால் வழித்து மழமழப்பாக்குவது. ஃபிஃபின் என்பது தலைப்பின்னல், முகக்கீறல், உடைக்கோடு போன்ற நுணுக்கங்களை வெட்டுவது. முதல் கட்டத்தில் விழுந்த தப்பை நான்காம் கட்டத்தில் திருத்த முடியாது, மரம் திரும்ப வளராது. சிற்பத்தில் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருப்பதைக் கல்லூரியில் படித்தவர் ‘அளவு தெரியாத வேலை’ என்று எழுதிவிடலாம். சிற்பியின் பக்கத்தில் இருந்தவர் அப்படி எழுத மாட்டார். ஓரி, அதாவது தலை, ஒருவரின் விதியும் தன்மையும் குடியிருக்கிற இடம் என்பது யோருபா எண்ணம். அதனால் முதல் வெட்டிலேயே தலைக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் தொட்டு, கேட்டு, நுகர்ந்து, உடம்பசைவால் உணர்ந்து கலையை அறிய வேண்டும் என்று ட்ரூவல் பின்னாளில் வாதிட்டார். அந்த அணுகுமுறைக்குச் சென்ஸியாட்டிக்ஸ் என்று பெயர் வைத்தார்.

அவருடைய மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1983-ல் மார்கரெட் தாம்சன் ட்ரூவலோடு சேர்ந்து கெலெடே பற்றிய நூல் வந்தது. கெலெடே என்பது மூத்த பெண்களின் ஆற்றலைப் போற்றி, அதை அமைதிப்படுத்த ஆண்கள் முகமூடி அணிந்து ஆடும் விழா. 1989-ல் ஜான் பெம்பர்ட்டன், ரோலண்ட் அபியோடுன் இருவரோடும் சேர்ந்து யோருபா கலையின் ஒன்பது நூற்றாண்டுகளை முன்வைத்த கண்காட்சி நூல். 1998-ல் மணிக்கோவை வேலைப்பாடுகள் பற்றி. 2009-ல் எனிட் ஷில்ட்கிராட்டோடு பழைய இஃபே நகரத்துச் சிற்பங்கள் பற்றி. 1991-லிருந்து ஓய்வு பெறும் வரை விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

நமக்கு அருகில் வருகிற பகுதி மாமி வாட்டா. மேற்கு ஆப்பிரிக்கா நெடுக வழிபடப்படும் நீர்த் தெய்வம் அது. பாம்பைத் தோளில் சுற்றிய, நீண்ட கூந்தல் உள்ள பெண் உருவம் அந்தத் தெய்வத்தின் படமாகப் பரவியது. அந்தப் படத்தின் மூலப்பிரதி ஒரு ஜெர்மன் அச்சுப்படம். 1880களில் ஹாம்பர்க் நகரில் காட்சி நடத்திய பாம்பாட்டிப் பெண் ஒருவரின் விளம்பரப் படம் அது. அதையே 1955-ல் பம்பாயில் ஒரு காலண்டர் கம்பெனி மறுபடி அச்சடித்தது, அந்தப் பிரதிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. இந்திய வியாபாரிகள் வழியாகப் போன சாமிப் படங்களும் அந்த வழிபாட்டில் கலந்தன. இந்தத் தடத்தையெல்லாம் ட்ரூவல் பல வருஷம் தேடித் தொகுத்தார். 2008-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபவுலர் அருங்காட்சியகத்தில் அது பெரிய கண்காட்சியாக வந்தது. காலண்டர் படத்துக்குச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டுகிற நமக்கு இந்தக் கதை உடனே புரியும்.

2000களில் அவர் சித்தி ஊர்களுக்கு வந்தார். யெல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு தாலுகாக்கள் அவர்கள் வாழும் இடங்கள். போர்ச்சுகீசியர்கள் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்கள் பலர் தப்பித்து மலைக்காட்டுக்குள் வந்து குடியேறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று சமயத்தாரும் உண்டு. அவர்களுடைய போர்வைகளைக் கலைப்படைப்பாக எழுதியவர், 2004-ல் பெண்களின் போர்வைக் கூட்டுறவு உருவாக உதவியவர் ட்ரூவல். 2011-ல் நியூயார்க் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையத்தில் இந்தப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. விற்பனைப் பக்கம் ஒன்றில் ‘யோருபா டிசைன் போர்வை’ என்று எழுதியிருந்தது. அது தப்பு. சித்திகளின் முன்னோர் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள். யோருபா நாடு கண்டத்தின் மறுகோடி. யோருபாக்களிடமும் ஒட்டுத்துணி வேலை உண்டு. எகுங்குன் என்ற முன்னோர் முகமூடி ஆட்டத்தின் உடையைத் துணிப்பட்டைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டுத் தைப்பார்கள். பழையதன்மேல் புதிய பட்டைகள் சேர்ந்துகொண்டே போகும், ஆடுபவர் சுழலும்போது அந்தப் பட்டைகள் விரிந்து எழும் காற்றே ஆசி என்பார்கள். துணிமேல் துணி ஏற்றும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை வைத்து வம்சாவளி போட முடியாது. பழந்துணி இருக்கிற வீட்டிலெல்லாம் ஒட்டுப்போர்வை உண்டு. வடகர்நாடகத்துக் கவுதி என்ற ஒட்டுப்போர்வை சித்தி ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சித்திப் பெண்ணின் வேலையை யோருபா என்று விற்பது, பவானி ஜமக்காளத்தைக் காஷ்மீர்க் கம்பளம் என்று விற்பது மாதிரி.

கவந்த் தைக்கிற வரிசையைத் தெரிந்துகொண்டால் தரம் பார்ப்பது எளிது. சேலையைத் தரையில் விரித்து ஓரத்தை உள்ளே மடிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஒட்டின் விளிம்பையும் அதேபோல மடித்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுகிறார்கள். ஆகவே தனியாக ஓரப்பட்டை கிடையாது. அடுத்த ஒட்டு முந்தியதன் பிரிந்த விளிம்பை மூடும். இப்படியே நான்கு பக்கமும் சுற்றி வந்து, வரிக்கு உள்ளே வரியாக நடுவை நோக்கிப் போய், கடைசி ஒட்டு நடுவில் விழுகிறது. மார்க்கர், பேப்பர் பேட்டர்ன், ஃபிரேம் எதுவும் இல்லை. ஒட்டுகளின் மேலே டிக்கெலி என்கிற சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் வரும். கிறிஸ்தவர் வீட்டுப் போர்வையில் சிலுவையும் முஸ்லிம் வீட்டுப் போர்வையில் பிறையும் சில சமயம் இருக்கும். நான்கு மூலையிலும் துணியை மடித்து அடுக்கிய பூலா, அதாவது பூ, இருந்தே ஆக வேண்டும். பூலா இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்.

நகலைக் கண்டுபிடிக்க இந்த வரிசையே போதும். அசலில் தையல் வரிகள் சதுரத்துக்குள் சதுரமாக, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கி வரும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இணைகோடுகளாக ஓடினால் அது கவந்த் அல்ல. பின்பக்கத்தையும் பாருங்கள். கையால் போட்ட ஓட்டுத்தையலில் முன்னால் தெரியாத இடத்தில் நூல் பின்னால் தெரியும், ஒரே நூல்தான் மேலும் கீழும் போய் வரும். மேல்நூலும் பாபின் நூலும் கொக்கி போட்டுப் பிடித்திருந்தால் மெஷின். கைத்தையல் போலவே விழுகிற மெஷின்களும் வந்துவிட்டன. அவற்றில் ஆயிரம் தையலும் ஒரே நீளத்தில் இருக்கும். மனிதக் கை மூலை திரும்பும்போது தையலைக் கொஞ்சம் சிறிதாக்கும், களைத்த நேரத்தில் கொஞ்சம் நீட்டும்.

இனி குறைகள். முதல் குறை, நடுவில் உப்புவது. ஐந்தடி அகலத்தில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் 30 அங்குலம், அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 60 வரி. ஒவ்வொரு வரியும் மேல்துணியை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால்கூட நடுவுக்கு வரும்போது பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் தளர்ச்சி சேர்ந்துவிடும். திறமையான கை அதை அங்கங்கே சின்ன மடிப்பாகப் பிடித்துக் கடைசி ஒட்டுக்கு அடியில் மறைக்கும். போர்வையைத் தரையில் விரித்து நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கிற அளவு துணி எழுந்தால் எடுக்க வேண்டாம். லேசான நெளிவு இருந்தால் பரவாயில்லை, இரண்டு துவையலில் படிந்துவிடும்.

இரண்டாவது, இற்றுப்போன துணி. பழந்துணி என்பது வேறு, இற்ற துணி என்பது வேறு. அடிச்சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஊடை நூல் விலகின இடம் சல்லடையாகத் தெரியும். புதிய முரட்டு ஒட்டும் இற்ற சேலையும் ஒரே தையலில் சேர்ந்தால், இழுபடும்போது இற்ற துணி தையல் ஓட்டையோடு நீளவாக்கில் கிழியும். இதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது.

முடிச்சுகள் அடுக்குகளுக்கு நடுவே புதைந்திருக்க வேண்டும். பின்பக்கம் முடிச்சு வரிசையாகத் தெரிந்தால் மூன்றாவது துவையலில் அவிழத் தொடங்கும். ஒட்டின் விளிம்பு கால் அங்குலமாவது உள்ளே மடிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். பூலாவை மெதுவாக இழுத்தால் அசையக் கூடாது.

சில போர்வைகளில் பாலியஸ்டர் சேலை ஒட்டுகள் கலந்திருக்கும். பழந்துணியாகக் கிடைப்பதில் இப்போது அதுவும் நிறைய, அதனால் அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஒட்டு வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது, பக்கத்துப் பருத்தி சுருங்கும்போது அது சுருங்காமல் கொசகொசவென்று நிற்கும். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். விரிப்பாகவோ சுவரில் மாட்டவோ என்றால் பாலியஸ்டர் இருந்தாலும் சரி. குழந்தைக்குப் போர்த்த என்றால் முழுப் பருத்தி கேட்டு வாங்குங்கள்.

சாயம் போவது பற்றிச் சாயப்பட்டறை ஊரில் தனியாகச் சொல்ல வேண்டாம் என்றாலும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. சாயத்தொட்டியில் உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு, பிடித்துவைப்பது சோடா. வீட்டு வாளியில் போடும் உப்பு எதையும் பிடிக்காது. நூலோடு சேராமல் மேலே நிற்கிற சாயத்தைப் பட்டறையில் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுத்திருக்க வேண்டும். எடுக்காத துணிதான் கறை விடும். வாங்கும் முன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஒட்டுகளின்மேல் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் முதல் மூன்று துவையலைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் முடிக்க வேண்டும். பலமுறை துவைத்த பழந்துணியில் இந்தத் தொல்லை குறைவு, புதிய கட்பீஸ் போட்டுத் தைத்ததில் அதிகம்.

“ஏனுங்க, இதை மெஷின்ல போடலாமுங்களா?” என்று கேட்கிறவர்களுக்கு: முன்பக்கம் திறக்கிற மெஷினில், வலைப்பைக்குள் போட்டு, குறைந்த சுழற்சியில் போடலாம். நடுவில் தண்டு சுழலும் மேல்திறப்பு மெஷின் வேண்டாம், அது தையல் கண்ணிகளை இழுத்துவிடும். கையால் துவைப்பதே நல்லது. அடித்தோ முறுக்கியோ துவைக்காமல் காலால் மிதித்து அலசுங்கள். நனைந்தால் எடை நான்கைந்து கிலோவுக்குப் போகும், ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் அந்தக் கனத்திலேயே நீளவாக்கில் இழுபட்டுக் கோணும். ஜமக்காளம் காயப்போடுகிற மாதிரி இரண்டு கொடிக்குமேல் பரப்பிப் போடுங்கள். ஆடிக் காற்றில் நிழலிலேயே அரை நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் துவைக்கவே வேண்டாம், உள் அடுக்கு ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் பல இடத்தில் கடும் உப்பு. அதிலேயே அலசி அலசிக் காயவைத்தால் துணி விறைத்து நிறம் மங்கும். கடைசி அலசுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். மடித்து வைக்கும்போது மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நடுவே காய்ந்த நொச்சி இலை போட்டால் பூச்சி அண்டாது.

பார்த்ததும் நாமே தைத்துவிடலாம் என்று தோன்றும். தைக்கலாம், தைக்கவும் வேண்டும். ஆனால் திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கிற பனியன் கட்டிங் வேஸ்ட்டில் தொடங்கக் கூடாது. சிங்கிள் ஜெர்சி என்கிற அந்தப் பின்னல் துணியை வெட்டினால் விளிம்பு சுருண்டுகொள்ளும், ஊசி இழுக்கும்போதெல்லாம் துணி நீளும், வரி முடிந்ததும் சுருங்கும். நடுவுக்கு வரும்போது மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் 10 ஆகிவிடும். லைக்ரா கலந்தது என்றால் கேட்கவே வேண்டாம். தறியில் நெய்த துணிதான் இதற்கு ஏற்றது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கிடைக்கிற லுங்கி, சட்டைத் துணி கட்பீஸ், வீட்டில் இருக்கும் பழைய வேட்டி, சுங்குடிச் சேலை, பள்ளிச் சீருடை எல்லாம் சரி. சென்னிமலைப் பெட்ஷீட் அடித்துணிக்குக் கொஞ்சம் கனம், ஊசி இறங்கக் கை வலிக்கும்.

7 அடிக்கு 5 அடி அளவுக்கு 5.5 மீட்டர் சேலை ஒன்று போதும். 2.2 மீட்டரில் இரண்டு துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கம் சேர்த்தால் அடித்துணி கிடைத்துவிடும். மிச்சமுள்ள 1.1 மீட்டரும், அகலத்தில் கழிகிற பட்டையும் ஒட்டுக்கு ஆகும். மேலே போட இன்னும் 900 கிராம் கட்பீஸ் வேண்டும். புதுத்துணி எதுவானாலும் முதலில் வெந்நீரில் துவைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். பழைய சேலை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது, புதியது இனிமேல்தான் சுருங்கப் போகிறது, இரண்டையும் அப்படியே சேர்த்தால் முதல் துவையலிலேயே முகம் மாறிவிடும். ஒட்டுகள் ஒரு சாண் அளவில் இருந்தால் கை பழகும். நூலை இரண்டு முழத்துக்கு மேல் கோக்க வேண்டாம், நீளம் கூடினால் முறுக்கேறிச் சிக்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியை ஓரத்திலிருந்து நடுவுக்கு உள்ளங்கையால் நீவிவிடுங்கள்.

முழுப் போர்வையில் கை வைக்கும் முன் 18 அங்குலச் சதுரத்தில் உட்காரும் விரிப்பு ஒன்று தைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் தையல், பழகிய கைக்கு மூன்று மணி நேரத்துக்குள் வேலை. புதியவர்களுக்கு இரண்டு மடங்கு ஆகும். தைத்து முடித்த கையோடு கடைக்குப் போய்க் கவந்தைத் தொட்டால் விரல் வேறு மாதிரி பார்க்கும். நூல் எங்கே இறுகியது, எங்கே கை திரும்பியது, எங்கே நிறம் வேண்டும் என்று தேடி ஒரு துண்டை வைத்தார்கள் என்பது தானாகத் தெரியும்.

வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தைத்தவர் பெயர் என்ன, எந்த ஊர்? இதை வலியுறுத்தக் காரணம் யோருபா கலைதான். எத்தனையோ அருங்காட்சியகங்களில் யோருபாச் சிற்பங்களுக்கு அடியில் ‘யோருபா, சிற்பி பெயர் தெரியவில்லை’ என்று அட்டை தொங்கியது. ஆனால் ஊரில் அந்தப் பெயர்கள் மறையவில்லை. ஓரிகி என்ற புகழ்ப்பாட்டில் சிற்பியின் பெயரும் அவன் கைத்திறனும் பாடப்பட்டுக்கொண்டே இருந்தன. இசே ஊர் ஓலோவேயின் புகழ்ப்பாட்டை, அவர் இறந்து ஐம்பது ஆண்டு ஆன பிறகு அவருடைய மனைவி பாடக் கேட்டு ஜான் பெம்பர்ட்டன் பதிந்தார். ஓரிகியைக் கேட்காமல் யோருபா கலையைப் புரிந்துகொள்ள முடியாது என்று ரோலண்ட் அபியோடுன் திரும்பத் திரும்ப எழுதினார். பெயர் தெரியாமல் போனது அந்த மக்களின் குறையல்ல, கேட்காதவர்களின் குறை. நம் ஊரிலும் ஜமக்காளத்தில் சங்கத்தின் முத்திரை இருக்கிறது, நெய்தவர் பெயர் இருப்பதில்லை. அதுவும் மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

பெயர் சொல்லத் தெரிந்த விற்பனையாளரிடம் வாங்குங்கள். முடிந்தால் நேராகவே போகலாம்: ஹுப்பள்ளி வரை ரயில், அங்கிருந்து யெல்லாப்பூர் சுமார் 70 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது. எத்தனை பேர் படுக்க என்று சொன்னால் அதற்கேற்ற அளவில் தைத்துத் தருவார்கள், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. உங்கள் வீட்டுப் பழைய சேலைகளைக் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம், நிற வரிசையை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சோபா நிறத்துக்குப் பொருத்தமாக, எல்லா ஒட்டும் ஒரே அளவில் வேண்டும் என்கிறவர்களுக்குக் கரூர் குவில்ட் நல்ல பொருள், விலையும் குறைவு. கவந்தை அதற்காக வாங்கி நீங்களும் தைத்தவரும் வருத்தப்பட வேண்டாம்.

பத்து வருஷம் புழங்கினால் அங்கங்கே கிழியத்தான் செய்யும். கிழிந்த ஒட்டைப் பிரிக்காதீர்கள், அடியில் உள்ள தையல் வரி தளர்ந்துவிடும். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதான துணியை விளிம்பு மடித்து மேலேயே வைத்து, பழைய வரி போகிற திசையிலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். பூலா பிய்ந்துபோனால் 4 அங்குலச் சதுரத் துணியை மூலைக்கு மூலை இரண்டு முறை மடித்தால் முக்கோணம் வரும். இரண்டு மூன்று நிறத்தில் அப்படி மடித்து ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் தள்ளி அடுக்கி, மூலையில் இரண்டு வரித் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.